மலையேறி வந்த குரல்கள் – 11: மைக்கை நெருங்கி நின்றவர்

அறுபதுகளில் அக்கரப்பத்தனைப் பக்கம் பாட்டு மூன்று வகைக் கூரைகளின் கீழ் கேட்டது. துரை பங்களாவில் இசைத்தட்டு. உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் வால்வு றேடியோ. லயத்தில் வாய்ப்பாட்டும் தப்பும், கொஞ்சம் பிந்தி டிரான்சிஸ்டரும். இந்தத் தொடரில் இதுவரை வந்த குரல்கள் பெரும்பாலும் மூன்றாவது கூரையைத் தேடி வந்தவை. இந்த முறை வருகிறவர் முதல் இரண்டிலும் உரிமையோடு குடியிருந்துவிட்டு, மூன்றாவதன் வாசலோடு அநேகமாக நின்றுபோனவர். பெயர் ஜிம் ரீவ்ஸ். அமெரிக்காவின் டெக்சஸ்காரர். இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இந்த நாட்டில் ஆங்கிலப் பாட்டுக் கேட்ட ஒரு தலைமுறையை நிறுத்தி, யார் பாட்டு பிடிக்கும் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அது ஒன்றாக இருக்கும்.

அவர் கதைக்குப் போகுமுன் ஒரு சின்னச் சுற்று. தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு ஏறி, டயகம வரை போகிறவர் தோட்டப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் ஸ்கொட்லாந்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி. காட்டை வெட்டித் தோட்டம் திறந்த துரைமாரில் பலர் அந்த நாட்டுக்காரர்கள். ஊர் நினைவைத் தேயிலைக்குப் பெயராக வைத்தார்கள். அதே ஸ்கொட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் ஏழைக் குடிகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளுக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். கையில் பிடிலும் வாயில் கதைப்பாட்டும் கொண்டுபோனார்கள். அங்கே கறுப்பின மக்களின் பாஞ்சோவும் புளூஸும் அவற்றோடு கலந்தன. 1920களில் இசைத்தட்டுக் கம்பனிகள் அந்தக் கலவையைப் பதிவு செய்து விற்கத் தொடங்கின. அதற்குத்தான் பின்னாளில் கன்ட்ரி இசை என்று பெயர் நின்றது. கூடப் பிறந்தவர்களில் இங்கே வந்தவன் துரையானான், அங்கே போனவன் பாட்டுக்காரனானான் என்று சொன்னால் சரித்திர ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஜிம் ரீவ்ஸ் 1923 ஓகஸ்ட் 20 அன்று கிழக்கு டெக்சஸில் கேலவே என்ற சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட, தாய் வயல்வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பையன் ஒரு கூடை பேரிக்காயைக் கொடுத்துப் பழைய கிட்டார் ஒன்றை வாங்கினான் என்பது அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் விடாமல் சொல்லும் கதை. காதில் விழுந்துகொண்டிருந்தது ஜிம்மி ரொட்ஜர்ஸின் இசைத்தட்டு. ரொட்ஜர்ஸ் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டுப் பாடவந்தவர். 1933இல் காசநோயில் போனவர். ஆனால் ரீவ்ஸ் முதலில் ஆசைப்பட்டது பாட்டுக்கு அல்ல, பேஸ்போலுக்கு. சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கீழ்நிலைக் குழுக்களில் பந்து வீசினார். காலில் நரம்பு அடிபட்டது. விளையாட்டு அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்த வேலைதான் அவரை ஜிம் ரீவ்ஸ் ஆக்கியது என்பது என் கட்சி. வானொலி அறிவிப்பாளர் வேலை. டெக்சஸில் ஹென்டர்சன் என்ற ஊர் நிலையத்தில் செய்தி வாசித்தார், விளம்பரம் சொன்னார், இசைத்தட்டுப் போட்டார். ரேடியோ சிலோனில் மயில்வாகனனைக் கேட்டு வளர்ந்த நமக்கு அறிவிப்பாளர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு வீட்டில், ஒரு மேசைக்குப் பக்கத்தில், தனியாக இருக்கும் ஒருவரிடம் பேசுகிறார். சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழ வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. மேடைப் பாடகர்களில் பலருக்குக் கடைசிவரை வராத இந்தப் பழக்கம் ரீவ்ஸுக்குச் சம்பளத்தோடு வந்தது.

பிறகு லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரம். அங்கே கேடபிள்யூகேஎச் நிலையம் 50,000 வாட் வலுவில் சனிக்கிழமை இரவுகளில் 'லூசியானா ஹேரைட்' என்ற நாட்டுப்புற இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. ரீவ்ஸ் அதன் அறிவிப்பாளர்களில் ஒருவர். ஓர் இரவு பாட வேண்டியவர் வரவில்லை, அறிவிப்பாளரையே பாடச் சொன்னார்கள் என்கிறார்கள். வராமல் போனவர் யார் என்பதில்தான் ஆளுக்கொரு பெயர். 1953இல் 'மெக்சிகன் ஜோ' கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்து 'பிம்போ'வும் முதலிடம். இரண்டும் துள்ளல் பாட்டுகள். குரலை உயரத்தில் வைத்து, வேகமாக, சந்தையில் கூவுவதைப் போலப் பாடியிருக்கிறார். பிந்திய ரீவ்ஸைக் கேட்டுவிட்டு இவற்றைக் கேட்டால் வேறு ஆளோ என்றிருக்கும். எனக்கு இவை பிடிப்பதில்லை. ஆனால் அவருக்குச் சோறு போட்டவை இவைதான்.

1955இல் ஆர்சிஏ விக்டர் கம்பனி அவரை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டின் கடைசியில் அதே கம்பனி இன்னொருவரையும் எடுத்தது. அவரும் ஹேரைட் மேடையில் பாடிய பையன்தான். பெயர் எல்விஸ் பிரெஸ்லி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ரொக் அண்ட் ரோல் அடித்த அடியில் கன்ட்ரி இசைத்தட்டு வியாபாரம் ஆட்டம் கண்டது. நாஷ்வில் நகரத்துக் கம்பனிக்காரர்கள் யோசித்தார்கள். இளசுகள் எல்விஸிடம் போய்விட்டன. வீட்டில் இருக்கும் பெரியவர்களாவது நமக்கு மிஞ்ச வேண்டும். அவர்களை இழுக்கப் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளினார்கள். மென்மையான பியானோ, கூட்டுக்குரல், பின்னாளில் வயலின் வரிசை என்று சேர்த்தார்கள். இந்தப் பாணிக்கு நாஷ்வில் சவுண்ட் என்று பெயர். அதைக் கட்டியவர்களில் முக்கியமானவர் கிட்டார் கலைஞரும் தயாரிப்பாளருமான செட் அட்கின்ஸ். ரீவ்ஸின் பாட்டுகளைப் பதிவு செய்தவரும் அவரே.

1957 பெப்ரவரியில் 'ஃபோர் வோல்ஸ்' பதிவானது. இது பெண் பாட வேண்டிய பாட்டு என்று அட்கின்ஸ் முதலில் நினைத்தார். ரீவ்ஸ் விடவில்லை. சுருதியைக் கீழே இறக்கி, மைக்குக்கு மிக நெருக்கமாக வாயை வைத்து, பேசுகிற சத்தத்தில் பாடினார். அக்காலத்துக் கன்ட்ரிப் பாடகன் மைக்கிலிருந்து தள்ளி நின்று முழுத் தொண்டையில் பாடுவதே முறை. கிட்டே போனால் என்ன நடக்கும் என்று ஒலிப்பதிவு அறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வகை மைக்குகள் நெருங்கி வரும் குரலின் அடிநாதத்தைத் தடிப்பாக்கிக் காட்டும். மூச்சு கேட்கும். உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்கும். அடிக்குரல் இயல்பாகவே வாய்த்தவருக்கு இது இரட்டை வரம். பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம், பொப் பட்டியலில் 11ஆம் இடம். கிராமத்துப் பாடகன் நகரத்துக் கடைக்குள் கால் வைத்தது இங்கேதான்.

1959 ஒக்டோபரில் பதிவான 'ஹீல் ஹேவ் டு கோ' இன்னும் தூரம் போனது. ஜோ அலிசனும் அவர் மனைவி ஓட்ரியும் எழுதியது. ஒருவன் மதுக்கடைத் தொலைபேசியில் நின்று காதலியிடம் பேசுகிறான். அவள் பக்கத்தில் வேறொருவன் இருக்கிறான். அவ்வளவுதான் கதை. பாட்டு முழுக்கத் தொலைபேசி வாயில் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். மைக்கோடு வாய் சேர்த்துப் பாடும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் எழுதிக் கொடுக்க முடியாது. கத்த முடியாது, மற்றவனுக்குக் கேட்டுவிடும். கெஞ்சவும் வேண்டும், கௌரவமும் போகக் கூடாது. ஃபுளோயிட் கிரேமரின் பியானோ இரண்டு சொல்லுக்கு நடுவில் வந்து தொட்டுவிட்டுப் போகிறது. கம்பனி இதை இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1960இல் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடம், பொப் பட்டியலில் இரண்டாமிடம்.

இந்தக் குரல் நம் மலைக்கு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைகளுக்காக நேச நாட்டு இராணுவம் இலங்கையில் ஒரு வலுவான சிற்றலை ஒலிபரப்பை நடத்தியது. போர் முடிந்தபின் அந்தக் கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949 ஒக்டோபரில் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமானது. 1950 செப்டெம்பர் 30 அன்று வர்த்தக சேவை தொடங்கியது. ஏக்கலையிலிருந்து கிளம்பிய அலை இந்தியா முழுக்க விழுந்தது. ஹிந்தி சேவையையும் தமிழ்ச் சேவையையும் பற்றி முன்பே எழுதியாயிற்று. மூன்றாவது ஆங்கிலச் சேவை. வேர்ணன் கொரெயா, ஜிம்மி பரூச்சா போன்ற அறிவிப்பாளர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சூடாக விற்ற பாட்டுகளை இங்கே பழக்கப்படுத்தினார்கள். அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியபோது இசைத்தட்டும் சுலபத்தில் கைக்கு எட்டாத பொருளாகிவிட்டது. நேயர் விருப்பத்துக்கு ஒரு போஸ்ட் கார்ட் எழுதிப்போட்டுவிட்டு றேடியோவுக்கு முன் உட்காருவதே மலிவான வழி.

குவாட்டர்ஸ் றேடியோவைத் தெரியாத வாசகருக்காக ஒரு வார்த்தை. பெரிய கிளாக்கர், கண்டக்டர், டீமேக்கர் வீடுகளில் முன்னறை மூலையில் பின்னல் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். குமிழைத் திருகியதும் பாடாது. வால்வு சூடேற வேண்டும். கண்ணாடித் தகட்டில் நகரங்களின் பெயர்களுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகுதான். ஏரியல் கம்பியை இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில், அக்கரப்பத்தனையில் அது பாதி வருஷம், இடி இறங்கிவிடும் என்று கம்பியைக் கழற்றிவிடுவார்கள். அலை ஏறி இறங்கும். தப்பும் தவிலும் ஓங்கி முழங்கும் பாட்டு அந்த இரைச்சலில் கந்தலாகிவிடும். ஒரே ஓர் ஆண்குரல், மெதுவான தாளம், பின்னால் அதிக வாத்தியம் இல்லை என்றால் சிற்றலையின் கரகரப்பைத் தாண்டி அது கேட்கும். ரீவ்ஸ் இங்கே பிடித்துப்போனதற்குத் தத்துவக் காரணம் தேடுகிறவர்கள் இந்தச் சாதாரணக் காரணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சொற்தெளிவு இன்னொரு காரணம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, அதைப் பேசச் சந்தர்ப்பம் குறைந்த ஓர் உத்தியோகத்தருக்கு எல்விஸின் பாட்டு பாதி புரியாது. ரீவ்ஸ் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பாடுவார், கூடவே பாடலாம். பறங்கியர் வீடுகளில் அவர் ஏறக்குறையக் குடும்ப ஆள். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது அவர் பாட்டும் கூடவே போனது. கிறிஸ்தவ வீடுகளில் 1962இல் வந்த 'வீ தாங்க் தீ' என்ற பக்திப்பாடல் தட்டும், 1963இல் வந்த நத்தார்ப் பாடல் தட்டும் அவருக்கு இன்னொரு கதவைத் திறந்தன. டிசம்பர் பிறந்ததும் கடைத்தெருவில் அவர் குரல் கேட்பது இன்றைக்கும் நடக்கிற காரியம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளிலும் அவருக்கு இவ்வளவு பக்தர்கள். நோர்வே, தென்னாபிரிக்கா, இந்தியா, இலங்கை. தென்னாபிரிக்காவுக்கு 1962இல் அட்கின்ஸோடும் கிரேமரோடும் போனார். பாஷை தெரியாமலே ஆபிரிகான்ஸ் மொழியில் இசைத்தட்டுப் பாடினார்; அங்கேயே 'கிம்பர்லி ஜிம்' என்ற படத்தில் நடித்தார். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த நாட்டில் கூச்சமில்லாமல் போய்ப் பாடியதை அவர் இரசிகர்கள் பேசுவதில்லை. பேச வேண்டும். மறுபக்கம், தொழிலில் ஆள் கறார். 1963இல் அயர்லாந்தில் ஊர் ஊராகப் பாடப் போனவர், சுருதி சேராத பியானோவை வைத்திருந்த மண்டபங்களில் பாட மறுத்துச் சண்டை பிடித்தார். 1964 ஏப்ரலில் ஒஸ்லோவில் பாடினார்.

அதே ஆண்டு ஜூலை 31. தானே ஓட்டிய சிறு விமானத்தில் பியானோக்காரர் டீன் மானுவலோடு நாஷ்விலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இடிமழைக்குள் மாட்டி, பிரென்ட்வுட் அருகே காட்டில் விழுந்தது. இரண்டு நாள் தேடி ஓகஸ்ட் 2 அன்று உடல்களைக் கண்டெடுத்தார்கள். 41 வயதாக மூன்று வாரம் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, 1964 ஒக்டோபர் 30 அன்று டில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று கணக்கு முடிந்தது. அக்கரப்பத்தனை லயங்களில் யார் போவது, யார் இருப்பது என்ற பேச்சு அன்று தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் குவாட்டர்ஸ் றேடியோவில், செத்துப்போனவரின் பாட்டும் இந்தச் செய்தியும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வந்தன. லயத்துச் சனத்துக்கு எது காதில் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செத்த பிறகும் ரீவ்ஸ் பாடிக்கொண்டே இருந்தார். அவர் பதிந்து வைத்திருந்தவற்றை மனைவி மேரி வருஷக்கணக்கில் வெளியிட்டார். பாட்டெழுதியவருக்காகச் சும்மா பாடி வைத்திருந்த 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பதிவுக்குப் பின்னணி இசை சேர்த்து 1966இல் வெளியிட்டார்கள். பீட்டில்ஸ் கோலோச்சிய இங்கிலாந்தில் அது 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1981இல் இன்னொரு வேடிக்கை. 1963இல் இவரைப் போலவே விமான விபத்தில் இறந்த பாடகி பட்சி கிளைனின் குரலை இவர் குரலோடு ஒட்டி ஒரு ஜோடிப்பாட்டு வந்தது. இரண்டு பேரும் உயிரோடு இல்லை, பாட்டு விற்றது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ரீவ்ஸ் மேல் இல்லை. டெக்சஸ் வயற்காட்டுப் பையனின் பாட்டு உலகமெல்லாம் போக என்னென்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள். கிராமத்துப் பாட்டைச் சனிக்கிழமைதோறும் ஒலிபரப்பிய ஒரு நிலையம். அதைத் தட்டில் ஏற்றிய கம்பனி. அதன் முரட்டு ஓரங்களைச் சீவி நகரத்துக் காதுக்குப் பொருத்திய ஒரு செட் அட்கின்ஸ். எழுதியவருக்கும் பாடியவருக்கும் பணம் சேர்த்த சட்டம். அக்கரப்பத்தனை மலைகளிலும் அதே காலத்தில் பாட்டு இருந்தது. கொழுந்து எடுக்கும்போது பாடியவை, தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு, கண்டிச்சீமைக்கு நடந்து வந்த வழியில் செத்தவர்களைச் சொல்லும் பாட்டு, காமன்கூத்துப் பாட்டு. இவற்றுக்கு அந்த நான்கில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. தமிழ் வர்த்தக சேவையின் நேரத்தைப் பெரும்பாலும் சென்னைச் சினிமாப் பாட்டு நிரப்பியது. டிரான்சிஸ்டர் லயத்துக்குள் வந்தபோது அங்கே ஏற்கெனவே இருந்த பாட்டை அது வெளியே கொண்டுபோகவில்லை. வெளியே இருந்த பாட்டைத்தான் உள்ளே கொண்டுவந்தது.

பாலம் கட்டப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை முப்பதுகளில் தோட்டம் தோட்டமாகக் கூட்ட மேடை ஏறி, சனத்துக்குத் தெரிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தைப் பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் நூலாகவும் வந்தன. கிராமத்தையும் பிரபல மெட்டையும் சேர்த்ததில் அவர் நாஷ்விலுக்கு முந்தியவர். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, லயங்களில் கேட்ட பாட்டுகளை எழுதி எடுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தார். இருவராலும் சொற்களை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. தாளில் ராகம் இல்லை, மூச்சு இல்லை, பாடிய கிழவியின் இருமல் இல்லை. ரீவ்ஸின் உதடு பிரியும் சத்தம் நமக்கு இன்றும் கேட்கிறது.

அக்கரப்பத்தனை, டயகம, லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் டேப் ரெக்கோடர் வைத்திருந்த வீடுகளில் பாட்டிமாரின் தாலாட்டோ, மரண வீட்டு ஒப்பாரியோ, காமன்கூத்தோ பதிந்த கசெட் இருக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம், நாடா அறுந்துவிடும். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று ஒரு துண்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். பிறகு பத்திரிகை முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் மீனாட்சி அம்மை.